ஒவ்வோர் இன நாய்க்கும் ஒரு கிறுக்கு: எது குணம், எது நோய்?

#1 மொட்டைமாடி

குட்டி வாங்கப் போனால் உயரம், எடை, முடி கொட்டுமா கொட்டாதா எல்லாம் சொல்லிவிடுவார்கள். அந்த இனத்துக்கென்றே இருக்கிற கிறுக்குத்தனத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. பிறகு நாய் மல்லாந்து கிடந்தாலும் பயம், சும்மா நின்று ஊளையிட்டாலும் பயம். இந்த இழையில் இனம், பழக்கம், அதற்குக் காரணம், நாம் செய்யக்கூடியது, இவ்வளவு மட்டும் எழுதுங்கள். "எங்க வீட்டு டாமி" கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது.

லாப்ரடாரில் தொடங்குகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பையோ துண்டையோ கவ்விக்கொண்டு வந்து நிற்கும். வேட்டையில் சுட்டு வீழ்த்திய வாத்தைப் பல் படாமல் கவ்வி வர வளர்த்த இனம், வாய் சும்மா இருக்காது. செருப்பைப் பிடுங்கினால் அது விளையாட்டு என்று நினைத்து ஓடும், இல்லை அவசரத்தில் விழுங்கிவிடும். வாசல் பக்கத்தில் ஒரு கூடையில் அதற்கென்று இரண்டு பொம்மை போட்டு வையுங்கள். செருப்பைக் கவ்வியிருந்தால் மூக்குக்கு நேராக ஒரு துண்டு கோழிக்கறியை நீட்டி "விடு" சொல்லுங்கள். விட்டதும் கறியைக் கொடுத்து, வாயில் பொம்மையையும் கொடுங்கள். கறி மட்டும் கொடுத்தால் வாய் மறுபடி காலியாகி அடுத்த செருப்பைத் தேடும்.

#2 ஊசிமருந்து

லாப்ரடாரின் தீராப் பசிக்கு மரபணுக் காரணமே உண்டு. 2016ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடாருக்கு இந்தக் குறை உண்டு. வழிகாட்டி நாய் வேலைக்குத் தேர்வானவற்றில் இன்னும் அதிகம். தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் என்பதால் இருக்கலாம். 2024ல் வந்த அடுத்த ஆய்வின்படி, இந்த நாய்களுக்கு இரண்டு வேளைக்கு நடுவில் பசி கூடுதல், ஓய்வில் உடல் செலவிடும் சக்தியும் குறைவு. ஆகவே "பாவம், பசிக்குதே" என்று கூடுதலாகப் போடுவதில் அர்த்தமில்லை. தட்டைக் காலி செய்வதை வைத்து அளவை முடிவு செய்யாதீர்கள், விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை: மாங்கொட்டை, சோளக்கதிரின் சக்கை. இரண்டும் லாப்ரடார் அப்படியே விழுங்கும் அளவில் இருக்கின்றன, குடலில் போய் அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டைத் தொடாமை, மலம் வராமை. இந்த மூன்றும் சேர்ந்தால் எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் அன்றைக்கே எடுத்துவிட வேண்டும்.

#3 கரிசல்நாய்

நம்ம ஊர் நாய்களைச் சொல்லாம சீமை நாயிலயே நிக்கிறீங்களே. சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் கண்ணால பார்த்து விரட்டுற வேட்டை நாய். "உட்காரு"ன்னு சொன்னா உட்காராது, பாதி குனிஞ்சு நிக்கும். முரண்டுன்னு அடிக்காதீங்க. தொடைச் சதை இறுகி, கால் நீளமா இருக்கிறதால குத்துக்கால் போட்டு உட்கார்றது அதுக்குச் சுகமில்ல. "உட்காரு"க்குப் பதிலா "நில்லு", "படு" ரெண்டையும் பழக்குங்க. தரை சிமெண்டுன்னா ரெண்டு மடிப்புச் சாக்காவது போடணும், இல்லைன்னா முழங்கை எலும்புல தோல் காய்ச்சுப் போகும்.

அடுத்தது மெலிவு. கடைசி ரெண்டு மூணு விலா தெரியுறதும், இடுப்பு எலும்பு முட்டிக்கிட்டு நிக்கிறதும் அதுக்கு இயல்பு. டவுன்ல வாங்கிட்டுப் போறவங்க பிரியாணியும் பிஸ்கட்டும் போட்டுப் பீப்பா ஆக்கிடுறாங்க.

விரட்டுற புத்தியைக் கட்டிப்போட முடியாது. முயல் வேட்டைக்கு விடுறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அந்த யோசனையே வேண்டாம். அஞ்சடி பிவிசி பைப் ஒண்ணு எடுத்து, வெளிய ஆறடி தொங்குற மாதிரி உள்ள நைலான் கயிறைக் கோத்து, நுனியில பழைய துணியைக் கட்டுங்க. தரையோட தரையா வட்டமா இழுங்க, மேலே தூக்காதீங்க, நாய் எகிறி விழுந்தா மூட்டு போயிரும். அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கடைசியில அதைப் பிடிக்க விடணும். குட்டிக்கு ஒரு வயசு ஆகட்டும், அப்புறம் இதை ஆரம்பிங்க. காம்பவுண்டு ஆறடிக்குக் குறைஞ்சா இந்த நாய் உங்களோடது இல்ல, ஊரோடது.

#4 சும்மாகேட்டேன்

கன்னியும் சிப்பிப்பாறையும் ஒரே நாய்தான், நிறம்தான் வேறு என்கிறார்களே?

#5 கரிசல்நாய்

அந்தச் சண்டைக்கு எங்க பக்கத்து டீக்கடையே பத்தாது. கறுப்பு உடம்பு, புருவத்துலயும் கால்லயும் பழுப்புன்னா கன்னிம்பாங்க, மத்த நிறத்தைச் சிப்பிப்பாறைம்பாங்க. ரெண்டுக்கும் பழக்கம் ஒண்ணுதான். புது ஆள் வந்தா கன்னி பின்வாங்கி மூலைக்குப் போயிரும். சங்கிலியைப் பிடிச்சு இழுத்து "கும்பிடு போடு"ன்னு கொண்டு வந்து நிறுத்தாதீங்க. வந்தவங்க அதைப் பார்க்காம உட்கார்ந்து அவங்க வேலையைப் பார்த்தா, அதுவே வந்து மோந்துட்டுப் போகும்.

#6 ஊசிமருந்து

கரிசல்நாய் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிரேஹவுண்ட் இனத்தில் தயோபென்டால் மயக்க மருந்து கொடுத்தால் தெளிய அதிக நேரம் ஆகும், கல்லீரல் அதை மெதுவாகத்தான் கரைக்கும். ரத்தச் சிவப்பணு விகிதமும் மற்ற நாய்களைவிட அதிகம், 50 முதல் 65 சதவீதம் வரை இருப்பது அதற்கு இயல்பு. தெரியாதவர் பார்த்தால் நீரிழப்பு என்று சலைன் ஏற்றுவார். உடல்வாகு ஒத்த நம் வேட்டை நாய்களுக்கு அறுவை சிகிச்சை என்றாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் இனத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கிரேஹவுண்ட் நான்கு காலும் வானத்தைப் பார்க்க மல்லாந்து தூங்கும், சந்தோஷத்தில் பல்லைக் கடகடவென்று தட்டும். இரண்டும் சாதாரணம். கண் குவியாமல், எச்சில் வடிய, கூப்பிட்டும் திரும்பாமல் பல்லைத் தட்டினால் அது வேறு சமாச்சாரம். வெறும் பல்வலியாகவும் இருக்கலாம், ஈறைப் பாருங்கள்.

#7 பீகிள்பாட்டு

பீகிளுக்கு மூன்று குரல்: சாதாரணக் குரைப்பு, ஊளை, இரண்டுக்கும் நடுவில் தொண்டை திறந்து இழுக்கும் ஒரு கத்தல். மூன்றாவதுதான் அபார்ட்மெண்ட் சங்கத்துக்குப் புகார் போக வைப்பது. முயல் தடம் கிடைத்துவிட்டது என்று பின்னால் வரும் ஆளுக்குச் சொல்வதற்காகப் பல தலைமுறை பொறுக்கி எடுத்த குரல். திட்டினால் நீங்களும் சேர்ந்து கத்துகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளும்.

வழி, மூக்குக்கு வேலை கொடுப்பது. ஒரு வேளைத் தீனியைத் தட்டில் வைக்காமல் புல்லில் இறைத்துவிடுங்கள். மாடி வீடு என்றால் பழைய டர்க்கி டவலைச் சுருட்டி மடிப்புக்குள் போடுங்கள். ஒரு நிமிடத்தில் தின்று முடிப்பதைக் கால் மணி நேரம் மோந்து மோந்து தின்னும், பிறகு படுத்துவிடும். முதல் தடவை மடிப்பைத் தளர்த்தியாக வையுங்கள், எடுத்த எடுப்பில் இறுக்கிச் சுருட்டினால் டவலையே கிழிக்கும்.

மோப்பம் பிடித்துவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிடுவது காதில் ஏறாது. திறந்தவெளியில் சங்கிலியைக் கழற்றவே கழற்றாதீர்கள். பத்து மீட்டர் நீளக் கயிறு போதும். ஆனால் அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் மார்புப் பட்டையில் மாட்டுங்கள். ஓடிய வேகத்தில் கயிறு தீர்ந்தால் கழுத்துக்கு அடி.

#8 வன்னித்தம்பி

ஹஸ்கியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லையே. கனடாவில அது கதைக்கும் எண்டுதான் சொல்லுவினம். குரைக்கிறது குறைவு, "ஊ-ஆ-ஊ" எண்டு பதிலுக்குப் பதில் நிண்டு கதைக்கும். அம்புலன்ஸ் சத்தம் கேட்டா ஊளை. நீங்கள் ஒவ்வொரு தரமும் சிரிச்சுக்கொண்டு பதில் சொன்னா அது பழகிப் போகும், பிறகு இரவு ரெண்டு மணிக்கும் கதைக்கும். சத்தம் நிண்டு ரெண்டு செக்கன் கழிச்சு ஒரு துண்டு இறைச்சி குடுங்கோ, சத்தம் போடேக்க குடுக்காதேங்கோ.

குழி தோண்டுறது அடுத்தது. வெயிலுக்குக் குளிர்மண்ணில படுக்கிறதுக்காகத் தோண்டும். மறிச்சுப் பிரயோசனம் இல்லை, ஒரு மூலையில நாலடிக்கு நாலடி, ஒண்டரை அடி ஆழத்தில மணல் நிரப்பி ஈரமா வைச்சுவிடுங்கோ. மேல நிழல் வேணும். நிழல் இல்லையெண்டா பூமரத்துக்குக் கீழதான் போகும்.

#9 சும்மாகேட்டேன்

சென்னையில் நிறைய பேர் ஹஸ்கி வளர்க்கிறார்கள். வெயிலுக்கு மொட்டை அடித்துவிட்டால் குழி தோண்டுவது நிற்குமா?

#10 ஊசிமருந்து

அடிக்காதீர்கள். அதற்கு இரட்டை முடி. வெளிமுடி வெயிலைத் தடுக்கும், உள்ளே இருக்கும் பஞ்சுமுடி அடைந்துபோனால்தான் காற்று புகாது. பஞ்சுமுடியை வாரத்துக்கு மூன்று நாள் சீவி எடுங்கள். மொட்டை அடித்தால் தோல் வெயிலில் நேரடியாகச் சுடும், முடியும் பல நேரம் திட்டுத் திட்டாகத்தான் திரும்ப முளைக்கும். நடைக்கு விடிவதற்குள் போய் வந்துவிடுங்கள். தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது.

என்னைக் கேட்டால் சென்னைக்கு ஹஸ்கியே தேவையில்லை. வாங்கிவிட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

#11 மொட்டைமாடி

டாக்டர், குணம் எது, நோய் எது என்று வீட்டிலேயே பார்க்க ஏதாவது முறை இருக்கிறதா? வாலைத் துரத்துவது, காற்றைக் கடிப்பது, போர்வையைச் சப்புவது என்று ஆளுக்கொன்று கேட்கிறார்கள்.

#12 ஊசிமருந்து

இருக்கிறது. நாய் அந்தச் செயலில் இருக்கும்போது மூன்றடி தள்ளி நின்று பெயரை ஒருமுறை மட்டும் கூப்பிடுங்கள். திரும்பவில்லையா, தீனித் தட்டைத் தட்டுங்கள். அதற்கும் இல்லையா, சங்கிலியை எடுத்து ஆட்டுங்கள்.

முதல் கூப்பாட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் பழக்கம். வந்துவிட்டு உடனே திரும்பிப் போய் அதையே தொடர்ந்தால், அல்லது சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுச் செய்தால், கட்டுப்படுத்த முடியாத செயலாக மாறிவிட்டது. எதற்குமே அசையாமல், கண் வெறித்து, எச்சில் வடிந்து, சிறுநீர் போய், முடிந்த பிறகும் சில நிமிடம் தடுமாறினால் வலிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் வாய்க்குள் கை விடாதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வண்டியைக் கிளப்புங்கள்.

ஒரு நிமிட வீடியோ எடுங்கள். கிளினிக்குக்கு வந்ததும் எல்லா நாயும் யோக்கியமாக நிற்கும், வீடியோ இல்லாமல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. முகம் தெரியும்படி எடுக்க வேண்டும், எல்லோரும் வாலைத்தான் எடுத்து வருகிறார்கள். நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுதி வையுங்கள்.

இனி இனம் இனமாக. டோபர்மேன் தன் விலாப்பகுதித் தோலையோ போர்வையையோ சப்பிக்கொண்டே தூங்கும். 2010ல் இதற்கும் சிடிஹெச்2 என்ற மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். போர்வை ஈரமாவதோடு நின்றால் விட்டுவிடலாம். துணியை விழுங்கினாலும், விலாவில் முடி போய்ப் புண் வந்தாலும் சிகிச்சை தேவை. கழுத்தில் புனல் மாட்டினால் புண் ஆறும், பழக்கம் போகாது, கழற்றிய அன்றே தொடங்கும். ஃப்ளூஆக்சிடின் போன்ற மாத்திரைகள் உண்டு, ஆனால் எடை பார்த்து மருத்துவர் எழுதித் தர வேண்டியவை, பலன் தெரியவே பல வாரம் ஆகும். வீட்டில் மனிதருக்கு வாங்கி வைத்ததைக் கொடுக்காதீர்கள்.

கவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் இல்லாத ஈயைக் கடிக்கும். கண், காது, வலிப்பு எல்லாம் பார்க்க வேண்டும், வயிற்றுக் கோளாறையும் விட்டுவிடக் கூடாது. அதே நாய் நடக்கும்போது தோளுக்குப் பக்கத்தில் தோலைத் தொடாமலேயே காற்றில் சொறிந்தால், இது வேடிக்கையே அல்ல. மண்டையோட்டின் பின்பக்கம் குறுகலாக இருப்பதால் தண்டுவடத்துக்குள் நீர் கோத்துக்கொள்ளும் நோய் இந்த இனத்தில் அதிகம். கழுத்துப்பட்டை பட்டால் சொறிவது கூடும். பட்டையை அன்றே கழற்றுங்கள். உறுதிப்படுத்த எம்ஆர்ஐ எடுக்க வேண்டும்.

#13 கோவை_கென்னல்

புல் டெரியர் விட்டுப்போய்விட்டது. தொங்கும் இலைக்கோ திரைச்சீலைக்கோ கீழே போய், முதுகில் அது லேசாக உரசும்படி ஒரு காலைத் தூக்கி ஒரு காலை வைத்து, படம் மெதுவாக ஓடுவதுபோல நடக்கும். கண் பாதி மூடியிருக்கும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்தது போலத் தோன்றும், தீங்கு ஒன்றும் இல்லை, தொட்டுக் கூப்பிட்டால் வந்துவிடும். அதே புல் டெரியர் வாலைத் துரத்திச் சுற்றுவதுதான் ஆபத்து. டாக்டர் சொன்ன பரிசோதனையைச் செய்யுங்கள், வாலில் ரத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஜெர்மன் ஷெப்பர்டு வாலைத் துரத்தினால் முதலில் ஆசனவாய்ச் சுரப்பியைக் காட்டிப் பாருங்கள். பாதி கேஸ் அங்கேயே தீரும்.

#14 ஊசிமருந்து

"பாதி" கொஞ்சம் தாராளம். ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான், தரையில் பின்பக்கத்தைத் தேய்த்தால் இன்னும் உறுதி.

#15 பீகிள்பாட்டு

பார்டர் கோலியைப் பற்றி ஒரு விண்ணப்பம். லேசர் லைட் வைத்து விளையாட்டுக் காட்டாதீர்கள். ஆட்டை முறைத்தே நகர்த்தும் நாய் அது, அசைவதைக் கண்ணால் விடாது. லேசர் புள்ளி ஒருபோதும் அதன் பிடியில் சிக்காது. சில வாரத்தில் கடிகாரக் கண்ணாடியின் பிரதிபலிப்பு, சுவரில் விழும் நிழல் என்று எல்லாவற்றையும் துரத்த ஆரம்பித்துவிடும், அதன் பிறகு நிறுத்துவது பெரும்பாடு. மேலே கரிசல்நாய் பைப் விளையாட்டில் கடைசியில் பிடிக்க விடச் சொன்னதன் காரணம் இதேதான்.

#16 சும்மாகேட்டேன்

பக் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துக் கர்கர் என்கிறதே, உயிர் போவது போல?

#17 ஊசிமருந்து

தலைகீழ்த் தும்மல். நாய் கழுத்தை நீட்டி, முழங்கையை விரித்து நின்றுகொண்டு மூச்சை மூக்கால் உள்ளே உறிஞ்சும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நிற்கும். தொண்டையை மேலிருந்து கீழாக மெல்லத் தடவுங்கள், அல்லது மூக்குத் துளையை ஒரு விநாடி மூடித் திறங்கள், எச்சில் விழுங்கினால் நின்றுவிடும். முடிந்ததும் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

நாக்கு நீலமானாலோ, ஓய்வில் இருக்கும்போதும் குறட்டைச் சத்தத்தோடு இரைத்தாலோ அது தும்மல் கிடையாது. வெயிலில் பக் அப்படி இரைத்தால் உடம்பில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக்குக் கீழே வைத்து, பிறகு கிளப்புங்கள். சௌ சௌ போன்ற இனங்களுக்கு வளர்ந்த பிறகு நாக்கு இயல்பிலேயே நீலக்கறுப்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

#18 கோவை_கென்னல்

கிரேட் டேன் ஆள்மேல் சாய்ந்து முழு எடையையும் போடும். பாசம்தான், காலை அகட்டி நில்லுங்கள், வயதானவர்கள் மேல் சாய விடாதீர்கள். சுவரில் தலையை முட்டி அழுத்திக்கொண்டு நின்றால் மட்டும் அன்றே காட்டுங்கள், மூளை அல்லது கல்லீரல் கோளாறாக இருக்கும்.

முன்காலை மடக்கிப் பின்பக்கத்தைத் தூக்குவது எல்லா நாய்க்கும் விளையாட்டு அழைப்பு. வால் ஆடாமல், திரும்பத் திரும்ப அதே நிலைக்குப் போனால் வயிற்று வலி. டேன் போல் மார்பு ஆழமான நாய் வயிறு உப்பி, வாந்தி வராமல் வெறுமனே ஓங்கரித்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது. இதில் ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு என்று ஆரம்பிக்காதீர்கள், சில மணி நேரத்திலேயே உயிர் போகும். ஒரே வேளையாகப் போடாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போடுங்கள்.

டாஷண்ட் போர்வைக்குள் சுரங்கம் போடும். வளைக்குள் போய் வேட்டையாட வளர்த்தது. கிழிந்தாலும் பரவாயில்லை என்கிற போர்வையாகக் கொடுத்துவிடுங்கள். சோபாவிலிருந்து குதிப்பதைத்தான் நிறுத்த வேண்டும், முதுகுத் தட்டு பிதுங்கும் நோய் இந்த இனத்தில் ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று என்ற அளவில் வருகிறது. சரிவுப் பலகை வையுங்கள், மேலே சாக்கு ஒட்டினால் வழுக்காது. பின்கால் தள்ளாடினால் அன்றைக்கே மருத்துவமனை.

#19 கரிசல்நாய்

ராஜபாளையத்தைப் பத்தி ஒரு சந்தேகம் டாக்டர். தூங்கும்போது தொட்டா சட்டுனு கடிக்க வருது, கூப்பிட்டா எதிர்ப்பக்கம் திரும்புது. ஊர்ல இதை "வீரியம்"னு பெருமையா சொல்றாங்க.

#20 ஊசிமருந்து

பல நேரம் அது செவிட்டுத்தனம். வெள்ளை உடலும் ரோஜா நிற மூக்கும்தான் அசல் என்று பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்ததில் வந்த விளைவு. உள்காதிலும் நிறமி உயிரணுக்கள் வேண்டும், அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரத்தில் அங்கே உள்ள கேட்கும் அணுக்கள் அழிந்துவிடும். டால்மேஷனிலும் இதே கதை. ஒரு காது மட்டும் போன நாய்க்குச் சத்தம் கேட்கும், எந்தத் திசை என்று தெரியாது. எதிர்ப்பக்கம் திரும்புவது அதனால்தான்.

ஐந்து வாரம் முடிந்த குட்டியை வீட்டிலேயே பார்க்கலாம். மற்றக் குட்டிகளைப் பிரித்து வையுங்கள், கூட இருந்தால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். அயர்ந்து தூங்கும்போது பின்னால் ஆறடி தள்ளி சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காலால் தரையைத் தட்டக் கூடாது, கதவைச் சாத்தக் கூடாது, மின்விசிறியின் காற்றும் அந்தப் பக்கமிருந்து வரக் கூடாது. அதிர்வையும் காற்றையும் உணர்ந்து எழுந்தால் காது கேட்பதாக ஏமாந்துவிடுவோம். வேறு வேறு நாளில் மூன்று தடவை செய்தும் எழவில்லை என்றால் இரண்டு காதும் இல்லை. ஒரு காது மட்டும் போயிருப்பதை இந்த முறையில் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு பிஏஇஆர் என்ற, சத்தத்துக்கு மூளையில் எழும் மின்சைகையை அளக்கும் பரிசோதனை வேண்டும்.

செவிட்டு நாயை எழுப்ப மூக்குக்கு முன்னால் தீனியை வையுங்கள், அல்லது படுக்கையின் ஓரத்தை லேசாக அழுத்துங்கள். இருட்டில் விளக்கை ஒருமுறை போட்டு அணைத்தாலும் போதும். ஒரு காது போனதாக இருந்தாலும் குட்டி போட விடாதீர்கள்.

#21 சும்மாகேட்டேன்

கடைசியாக ஒன்று. பக்கத்துத் தெருவில் எல்லோரும் பொமரேனியன்தான். கேட்டுக்குக் குரைத்து முடித்ததும் வாத்துபோல இருமுகிறது. குரைத்துக் களைத்ததாலா?

#22 கோவை_கென்னல்

முதலில், நம் தெருக்களில் பொமரேனியன் என்று இருப்பது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்றேகால் கிலோவைத் தாண்டாது. இரண்டுக்கும் கேட்டில் வட்டமடித்துக் குரைப்பது குணம். வாத்துச் சத்தத்தில் இருமுவது குணமில்லை, மூச்சுக்குழாய் வளையம் தளர்ந்து தட்டையாகிறது, சின்ன நாய்களில் நிறைய பார்க்கலாம். கழுத்துப்பட்டையில் இழுத்தால் கூடும், எடை கூடினாலும் கூடும்.

மார்புப் பட்டை வாங்கும்போது முன்காலுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி டேப்பால் அளந்துகொண்டு போங்கள். முடிக்கு மேலே அளந்தால் ஓர் அங்குலம் கூடுதலாகக் காட்டும், முடியை அமுக்கி அளக்க வேண்டும். மாட்டிய பிறகு இரண்டு விரல் உள்ளே போக வேண்டும், மூன்று போனால் பின்பக்கமாக உருவிக்கொண்டு ஓடிவிடும். தொண்டைக்குக் குறுக்கே வார் வரும் மாடலை எடுக்காதீர்கள். மார்பு எலும்பின் மேல் ஒய் வடிவத்தில் வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

#23 ஊசிமருந்து

இருமல் வீடியோவையும் கொண்டுபோங்கள். இதய நோயிலும் இருமல் வரும், ஸ்டெதாஸ்கோப் வைக்காமல் இரண்டையும் பிரிக்க முடியாது.